அபராதம் ஒரு பஜ்ஜி

ஆறு ஐம்பது மின்சார ரயிலைப்
பிடிக்காமல் விடுவதில்
எனக்கு மூன்று வருட அனுபவம்.
அது லோகோ ஒர்க்ஸ் தாண்டும் சத்தத்தைக் கேட்டபடி
மெதுவாகப் பல் தேய்க்கிறேன்.
போ, போ.

சாயங்காலம் நாலரைக்கு
மாநகராட்சிப் பூங்காவின் மூன்றாவது பெஞ்சில்
ரெக்சின் விரிப்பைப் பிரித்து
நாலு மூலைக்கும் பாரம் வைப்போம்.
ஷெரீப் பாயின் செருப்பு ஒன்று,
அதன் ஜோடி,
என் கண்ணாடிக் கூடு,
எஸ்தரம்மாவின் தண்ணீர் பாட்டில்.
கடற்காற்று பெரம்பூர் வரைக்கும் வர
அவ்வளவு சிரமப்படுவதில்லை.
ஆனாலும் ஒரு மரியாதை.

வெள்ளை மந்திரிகளில் ஒருவர்
போன மழையில் சாக்கடைக்குள் போய்விட்டார்.
அவர் பதவியில் இப்போது
ஒரு ஹோமியோபதி குப்பி.
வெட்டியவர் மூடியைத் திறந்து
நாலு உருண்டை வாயில் போட்டுக்கொள்ளலாம்.
அதற்காகவே பாய்
ராணியைக் கொடுத்துக் குப்பியை வாங்குகிறார்.
இந்த உத்திக்கு எந்தப் புத்தகத்திலும் பெயர் இல்லை.

முப்பத்துநாலு வருஷம் குடிநீர் வாரியக் கணக்கில்
அஞ்சு பைசா இடித்தாலும்
ராத்திரி எட்டு வரை தேடியவன் நான்.
இப்போது ஒரு முழு யானையைத் தொலைத்துவிட்டு
அட என்கிறேன்.
அவ்வளவுதான்.
அட.

சரக்கு வண்டி போகும்போது பெஞ்சு நடுங்கும்.
சிப்பாய்கள் கால் கட்டம் அரைக் கட்டம்
தாமாகவே முன்னேறும்.
எது எங்கே இருந்தது என்று
உலகத்தில் யாருக்கும் தெரியாது.
அப்போது, வேடிக்கை பார்ப்பவர் உட்பட,
மூன்று பேரும் ஒரே நேரத்தில் பொய் சொல்வோம்.
(ஐம்பத்தெட்டுப் பெட்டி.
எண்ணவும் நேரம் இருக்கிறது.)

எஸ்தரம்மா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில்
ட்ரங்க் கால் இணைத்தவர்.
எங்களிடம் கடிகாரம் கிடையாது.
நான் குதிரையைப் பிடித்தபடி யோசித்தால்
"மூணு நிமிஷம் ஆச்சு, நீட்டிக்கவா?" என்று
அந்தப் பழைய குரல் கேட்கும்.
ஜெயித்த பிறகு முகம் மாறாமல்
கைப்பையிலிருந்து கடலை மிட்டாய் எடுத்து உடைப்பார்.
தோற்றவருக்குப் பெரிய பாதி.

வாரத்துக்கு ஐந்து பெரிய பாதி தின்கிறேன்.
சர்க்கரை ஏறியிருக்கிறதே என்றார் டாக்டர்.
காரணத்தைச் சொன்னேன்.
"சீக்கிரமாக் கோட்டை கட்டிப் பழகுங்க" என்றார்.
அவரும் ஆடுகிறவர் போலிருக்கிறது.

எங்கள் பெஞ்சுக்கு ஒரே ஒரு சட்டம்.
தொட்ட காயை நகர்த்த வேண்டும் என்பதல்ல.
தொடலாம், தடவலாம்,
எடுத்து முகர்ந்துகூடப் பார்க்கலாம்.
ஆனால்
"வாழ்க்கையும் ஒரு சதுரங்கம்தான் சார்" என்று
எவர் ஆரம்பித்தாலும்
தெருமுனைக் கடையில்
ஆளுக்கு ஒரு பஜ்ஜி அபராதம்.
நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள்
ஒரு நிமிஷம் நின்று, பெருமூச்சு விட்டு,
சொல்லிவிட்டு மாட்டிக்கொள்வார்கள்.
தலைமையாசிரியராக இருந்த தணிகாசலம்
ஒரே மாதத்தில் பதினொரு தடவை கட்டினார்.
இப்போது அந்தப் பக்கமாகச் சுற்றுகிறார்.

நேற்று
என்னுடைய ஒரே சிப்பாய்
ஏழாவது வரிசைக்கு வந்துவிட்டது.
மூன்று வருஷத்தில் முதல் முறை.
பூங்கா விளக்கு இரண்டு தடவை கண் சிமிட்டி எரிந்தது.
எஸ்தரம்மா முதன்முதலாக
நிமிஷக் கணக்குச் சொல்லவில்லை.
அந்தக் காயின் நிழல்
எனக்கென்று நீளமாக விழுந்திருந்தது.
தொண்டைக்குள் ஏதோ ஏறியது.

"ஏன் எஸ்தரம்மா,
இந்தக் கடைசிச் சிப்பாய் இருக்கே, பாருங்க,
இது நம்மளை மாதிரி..."

அவர் நிமிரவில்லை.
உள்ளங்கையை மட்டும் நீட்டினார்.
"வாழைக்காயா, வெங்காயமா?" என்ற பாய்
அதற்குள் செருப்பை மாட்டியிருந்தார்.
இரண்டு மூலை எழுந்து
விரிப்பு சுருண்டு
காய்கள் எல்லாம் கலைந்தன.

எங்கே இருந்தது என் சிப்பாய்?

எட்டாவதில்தான், என்றேன்.