கூப்பிடு தூரம்

சிகமூஸ் தாண்டியதிலிருந்து
நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.
பனிச்சறுக்குப் பலகைக்குத் தொள்ளாயிரம் டாலர்
யோசிக்காமல் எடுத்த கை
பீக்கனுக்கு நானூறு என்றதும்
பாக்கெட்டுக்குள்ளேயே இருந்துவிட்டது.
"கயிறு கட்டின இடத்துக்குள்ளதானே போகப்போறோம்"
என்றான் வாகீசன்.
என் அட்டையைத் தேய்த்தேன்.
இரண்டு.

ரெவெல்ஸ்டோக், சனிக்கிழமை காலை,
சமூகக்கூடத்தின் கார் நிறுத்துமிடம்.
இரவெல்லாம் வண்டி வழித்து ஒதுக்கிய பனி
ஓரத்தில் ஆளுயரத்துக்கும் மேலே
புகை படிந்து, ஒரு பழைய மெத்தையின் நிறத்தில்.
எட்டுப் பேர் வந்திருந்தோம்.

கோட்டுக்கு மேலே கட்டாதே, உள்ளே கட்டு, என்றாள்
பயிற்சி தருகிற கிறிஸ்டா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.
சரிகிற பனி கோட்டை உரித்துக்கொண்டு போகும்.
நாங்கள் மண்டி போட்டுத் தோண்டி
வெறும் கோட்டையா எடுப்பது?

சோப்புக்கட்டி அளவுதான்.
நொடிக்கு ஒருதரம் இருக்கிறேன் என்கிறது,
இருக்கிறேன்.
யார், எந்த ஊர்,
காரில் யாரோடு சண்டை,
அதெல்லாம் அதற்குத் தெரியாது.

தேடுகிறவர் முதலில்
தன் கூப்பாட்டை நிறுத்தவேண்டும்.
விசை ஒன்றுதான்:
இப்படித் தள்ளினால் அனுப்பும்
அப்படித் தள்ளினால் தேடும்
இரண்டும் சேர்ந்து நடக்காது.
ஆறு வருஷக் கல்யாணத்தில்
இதை யாரும் எனக்கு
இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

ஒரு முதுகுப்பைக்குள் பழைய தலையணை,
அதன் வயிற்றில் ஒரு பீக்கன்.
பனிமேட்டில் எங்கேயோ புதைத்தாயிற்று.
பதினைந்து நிமிஷம். என் முறை.

அம்புக்குறி நேராகக் கூட்டிப்போவதில்லை.
தலையைச் சுற்றித்தான் மூக்கைத் தொடும்.
முப்பத்தெட்டு மீட்டர். முப்பத்தொன்று.
குறைகிற எண்ணை நம்பி
தலை நிமிராமல் நடந்தேன்.
பத்தொன்பது. பன்னிரண்டு.
ஆறு.
பனி இல்லை, தார் தெரிகிறது,
இருந்தும் குறைகிறது.
இரண்டு.
ஒன்று புள்ளி நான்கு
என்று காட்டியபோது
எதிரே ஒரு ஜோடி பூட்ஸ்.

வாகீசன்.
கையில் காப்பி.
விசையைத் தள்ள மறந்துவிட்டு
நின்ற இடத்திலிருந்தே
நொடிக்கு ஒருதரம் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

எல்லோரும் சிரித்தார்கள்.
கிறிஸ்டா சிரிக்கவில்லை.
"மூன்று நிமிஷம் போச்சு.
உள்ளே இருக்கிறவன் மூச்சில் மூன்று நிமிஷம்."

அவன் காது சிவந்து
கோட்டுக்குள் கைவிட்டுத் தள்ளினான்.
டிக்.
என் கையில் அம்பு
அவனை அப்படியே விட்டுவிட்டு
மேட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டது.
முன்னால் நிற்கிறான், கப்பில் ஆவி பறக்கிறது,
கருவியைக் கேட்டால்
அங்கே யாரும் இல்லை.

அந்த ஒரு கணம் எனக்குப் பிடிக்கவில்லை.

ஓடினேன்.
துழாவுகோலைச் செருகினேன், எடுத்தேன், செருகினேன்.
பனி வழிவிடும். தரை டக்கென்னும்.
உடம்பு மட்டும்
கொஞ்சம் உள்வாங்கித் திருப்பித் தள்ளும்.
தலையணைதான். தெரியும்.
தெரிந்தும் தொண்டை அடைத்தது.
நேர் மேலே நிற்காதே, மிதிக்காதே,
சரிவின் கீழ்ப்பக்கம் தள்ளி நின்று வெட்டு
என்று கத்தினாள் கிறிஸ்டா.
இரண்டாவது மண்வெட்டி எப்போது வந்தது
என்று பார்க்கவில்லை. காப்பி வாசம்.
நான் வெட்ட அவன் வாரிக் கொட்டினான்.

பதினோரு நிமிஷம் நாற்பது நொடி.
"பிழைத்திருக்கலாம்," என்றாள்.
இருக்கலாம்தான். உறுதி இல்லை.

திரும்பும் வழியில் சிகமூஸில்
பெட்ரோலுக்கு நிறுத்தியபோது
"ஸாரி" என்றான், பம்பைப் பார்த்து.
எதற்கு என்று கேட்கவில்லை.
பீல்ட் போட்டபோது அவன் சட்டைக்குள்ளே
பச்சைப் பொட்டு
இன்னும் மினுங்கிக்கொண்டிருந்தது.
அணைக்கச் சொல்லவேண்டும்,
வீணாகிறது பேட்டரி.

காம்லூப்ஸ் வரட்டும் என்று இருந்தேன்.