பத்து உகியா

நுவாக்சோட் கைபேசிச் சந்தையில்
மூன்றாவது வரிசை, நீலப் படுதா போட்ட மேசை.
காலையில் முதல் வேலை
கீபோர்டைக் கவிழ்த்து மணல் தட்டுவது.
ஒரு பாட்டு பத்து உகியா.
மெமரி கார்டு நிறைய வேண்டுமென்றால் இருநூறு.
மணல் சேர்வதுபோல்தான் என்னிடம் பாட்டுகள் சேர்ந்தன.
எந்தக் காற்று எதைக் கொண்டுவந்ததென்று
நான் எழுதிவைக்கவில்லை.

நோன்பு தொடங்க ஒரு வாரம் இருக்கையில்
மஞ்சள் மெலஹ்ஃபா சுற்றிய ஒருத்தி வந்தாள்.
பழைய கைபேசி தண்ணீர்த் தொட்டியில் விழுந்துவிட்டதாம்.
"அதாரில் ஒரு கல்யாணம்.
ஆர்தின் யாழை மீட்டிக்கொண்டு ஒரு பெண் பாடுவாள்.
நடுவில் ஆடு கத்தும்."

அந்த ஆட்டை எனக்குத் தெரியும்.
ஐந்து வருஷமாக விற்கிறேன் அந்த ஆட்டை.
கோப்பின் பெயர் கல்யாணம் புதுசு ஏழு.
பாடியவர் என்ற கட்டத்தில்
எவனோ தன் பெயரை எழுதியிருந்தான்
(என் மச்சான் ஸலேக்தான், உங்களிடம் மறைப்பானேன்).

பத்து என்றேன்.
ஐந்து என்றாள்.
"என் பாட்டை எனக்கே விற்கிறாய்."
கோபமே இல்லை குரலில்,
விலையைக் குறைக்க இன்னொரு வழிபோலச் சொன்னாள்.
யார் வேண்டுமானாலும் அப்படிச் சொல்லலாமே
என்றேன்.

பாடினாள்.
நின்ற இடத்தில், தோள்பையைக்கூட இறக்காமல்.
ஆடு கத்த வேண்டிய இடம் வந்ததும்
நிறுத்தினாள்,
அதற்கு இடம் விட்டாள்,
மேலே போனாள்.
பக்கத்து மேசைக்காரன் சூட்டுக்கோலைத் தூக்கிப் பிடித்தபடியே
ஈயம் சொட்டச் சொட்ட நின்றான்.

காசு வாங்கவில்லை நான்.
மூன்றாம் கிண்ணத் தேநீர் வரும்வரை
அதைப் பெருந்தன்மை என்றே நினைத்திருந்தேன்.
கன்னம் வைத்தேனா, பூட்டை உடைத்தேனா,
அவள் தொண்டையில் பாட்டு இருந்தபடி இருக்கிறதே,
பின் எதைக் களவென்பது
என்று நானே வழக்காடி
நானே தீர்ப்பெழுதும் நேரத்தில்தான்
அவள் பெயரைக் கேட்காதது உறைத்தது.
கட்டத்தில் இன்னும் ஸலேக்.

எதிர்மேசைப் பையன் யூபா
கைபேசியை நீட்டினான்.
"புளூடூத்தைத் திற, புதுசு."
அவள்தான். முழுசாக.
முடிவில் என் குரல், தாராளமாக:
"காசு வேண்டாம், எடுத்துப் போ."

"ஆடு இல்லாதது, அதனால் பதினைந்து" என்றான்.

திறந்தேன்.