கழற்ற வேண்டியவை

பீன்யாவில் வாடகை ஷெட். மெஷினைப் போட்டதும்
மேசை மாட்டுத்தோல் போலச் சிலிர்த்தது.
நாலு போல்ட் இறுக்கியபின் அடங்கிற்று.

தடித்த தகடு, பன்னிரண்டு எம்எம் துளை:
பெல்ட்டை மாற்றினேன், மெல்லச் சுற்றட்டும்.
சக் சாவியைப் பிளக்கோடு சேர்த்துக் கட்டினேன்;
பிடுங்காமல் சாவி எட்டாது.

தகடு வைஸின் பல்லிடுக்கில்.
கையால் பிடித்தால், துளை மறுபக்கம் விழும் நேரம் பார்த்துக்
கவ்விச் சுழற்றும்.
கேளுங்கள், அடுத்த ஷெட் லூர்தின் கட்டைவிரலை.

கையுறை ஆகாது. துப்பட்டா ஆகாது.
வளையல், காதோர முடி,
அப்புறம், குனிந்தால் முன்னே ஊசலாடும் மஞ்சள் கயிறு.
ஆணியில் மாட்டினேன்.

எண்ணெய் புகைந்தது. இரும்பு சுருள்சுருளாய் வந்தது.

ஜாலஹள்ளி கிராஸ் தாண்டி, பஸ்ஸில்
சீட் கிடைத்த பிறகுதான் கழுத்தைத் தடவினேன்.
இறங்கவில்லை.
காலையில் எப்படியும் அங்கேதானே போகவேண்டும்.