தணிக்கைப் பத்தி எண் பதினேழு

"பார்வைமுனைச் சுவரின் உயரம்
மதிப்பீட்டில் தொண்ணூறு சென்டிமீட்டர்.
அளவுப் புத்தகத்தில் நூற்று முப்பத்தேழு.
கூடுதல் உயரத்துக்குக் காரணம் யாது?
பதினைந்து நாட்களுக்குள் விளக்கம் தருக."

இன்று பதினான்காம் நாள்.
அணைக்கட்டு ஒன்றிய அலுவலகத்தில்
மின்விசிறி சுற்றுகிறது, காற்று வரவில்லை.
வெள்ளைத்தாளில் 'ஐயா' வரைக்கும் எழுதியிருக்கிறேன்.

ஐயா,
நெல்லிக்கொல்லைக்குப் பாதை கேட்டு
நாலு மனு வந்தது.
ரேஷனுக்கு இறங்க,
பள்ளிக்கூடத்துக்கு இறங்க,
டோலி கட்டிப் பிள்ளைத்தாச்சியை இறக்க.
நிதி ஒதுக்கீடு இல்லை என்ற நாலு பதிலையும்
நான்தான் தட்டச்சு செய்தேன்.
நாலாவதற்குள் விரல்களுக்கே மனப்பாடம்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை
காட்பாடியிலிருந்து ஷூ போட்ட பதினெட்டுப் பேர்
அந்த மலையேறிப் படம் எடுத்தார்கள்.
அடுத்த வருடம் வந்துவிட்டது
சுற்றுலாத் தலைப்பில் பணம்:
இயற்கை நடைபாதை, இரண்டு கிலோமீட்டர் முன்னூறு,
பெஞ்சு ஆறு, பார்வைமுனை ஒன்று,
கரடி வடிவக் குப்பைத்தொட்டி நாலு.

பாதை ஏற்கனவே இருந்தது.
காலால் போட்டது, கணக்கில் இல்லாதது.
அதன் மேலேயே கல் பதித்தோம்.

மாசிக் கடைசி, புளி உலுக்கும் பருவம்.
டேப்பின் ஒரு முனையை நானும்
மறுமுனையை மேஸ்திரி தனகோட்டியும் பிடித்திருந்தபோது
தலையில் மூட்டையோடு இறங்கி வந்தாள் பொன்னுருவி.
பெஞ்சைக் காட்டி, உட்காருங்கள் என்றேன்.
நின்றபடியே சிரித்தாள்.
மூட்டை ஆடவில்லை.

"உக்காரலாம்மா.
அப்பால இத்த எவ தூக்கி வுடுவா?"

அவளுக்குப் பின்னால் இன்னும் ஏழு பேர்.
ஏழு பேர் தலையிலும் மூட்டை.

அன்று ராத்திரி
விலைவிகிதப் பட்டியலைப் புரட்டினேன்.
கருங்கல் கட்டுமானம் இருக்கிறது,
கம்பி வேலி இருக்கிறது,
செயற்கைப் புல்தரைகூட இருக்கிறது.
சுமைதாங்கி இல்லை.
மார்ச் முப்பத்தொன்றுக்கு இருபத்தோரு நாள்.
அதற்குள் செலவழியாத பணம்
வந்த வழியே திரும்பிப் போகும்,
அதற்கு மட்டும் எப்போதும் நல்ல ரோடு.

மறுநாள் காலை
பொன்னுருவியை டேப்போடு நிற்கவைத்தேன்.
முழங்காலைக் கொஞ்சம் மடக்கச் சொன்னேன்.
மூட்டையின் அடிவிளிம்பு தரையிலிருந்து
நூற்று முப்பத்தேழு.
வேறு கணக்கீடு எதுவும் என் கையில் இல்லை.

சுவர் பார்வையை மறைக்கிறது என்கிறது பத்தியின் பின்பாதி.
உண்மைதான். உட்கார்ந்து பார்த்தால் மறைக்கும்.

சுவர் காய்ந்த வாரம் நானும் அங்கே இருந்தேன்.
அவள் மூட்டையை அதன்மேல் சரித்தாள்,
கழுத்தை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஒடித்தாள்.
இருபத்தாறு வருடமாக இறங்குகிற பாதை.
சுமை இருந்தால் கழுத்து திரும்பாது,
கண் கால்வைக்கும் கல்லில்தான் இருக்கும்.
புடவைத் தலைப்பால் முகம் துடைத்தவள்
அப்படியே நின்றுவிட்டாள்.

"அதோ வெள்ளையா நீட்டமா கீதே,
அது இன்னாமா, ரோடா?"

பாலாறு என்றேன்.

"தண்ணி எங்க?"

இதற்கும் என்னிடம் விளக்கம் கேட்பார்களோ என்று
ஒரு கணம் பயந்தேன்.

ஆகவே ஐயா,
பார்வைமுனை பார்வைமுனையாகவே
பயன்பாட்டில் உள்ளது எனப் பணிந்து தெரிவிக்கிறேன்.
கூடுதல் நாற்பத்தேழு சென்டிமீட்டருக்கான
பதினோராயிரத்து இருநூற்று நாற்பது ரூபாயை
என் சம்பளத்தில்
தவணையாகப் பிடித்துக்கொள்ளலாம்.
சுவரை இடிப்பதென்றால்
அதற்குத் தனி மதிப்பீடு போடவேண்டும்.
அதை நான் போடமாட்டேன்.

(கடைசி வரியை அடித்துவிட்டேன்.
பிறகு திரும்ப எழுதினேன்.)

பெஞ்சுகளைப் பற்றித் தணிக்கையில் கேள்வி இல்லை.
ஆறும் மதிப்பீட்டின்படி மிகச் சரியாக உள்ளன,
உயரம் நாற்பத்தைந்து.
ஞாயிறுகளில் காட்பாடிக்காரர்கள்.
மற்ற நாட்களில் ஆடுகள்.