மூன்றாவது மிதி

ஒட்டுசுட்டானில் என் கராஜுக்கு
எண்பத்தாறாம் ஆண்டு ஹைலக்ஸ் ஒன்றை
லாண்ட்மாஸ்டரில் கட்டி இழுத்து வந்தாள் வதனரூபி.
பின்பெட்டியில் ஐஸ் உருகி
மீன் மணம் அவளுக்கு முன்னால் இறங்கி உள்ளே வந்தது.

ஓட்டோ கியர்.
அடியில் நட்டைத் தளர்த்தினேன்.
சிவப்பாய் வரவேண்டிய எண்ணெய்
தேத்தண்ணிச் சாயமாய் வடிந்தது.
கருகல் மணம். விரலில் தேய்த்தால் இரும்புத்தூள்.
"கொழும்பில கிடைக்கும். மூண்டு லட்சம்.
அதுவும் பழசு."

"கையால போடுற கியருக்கு மாத்துங்கோ."

அவளுடைய செருப்பைப் பார்த்தேன்.
வலது பாட்டா குதியில் தேய்ந்திருந்தது.
இடது, வெளி விளிம்பில் மட்டும், கத்தியால் சீவின மாதிரி.
பார்த்ததை அவள் பார்த்தாள்.

"கிளச் இடது காலுக்கு வரும், தங்கச்சி."

"தெரியும்.
பத்து வருசமா அது என்னோட சும்மா வந்து
முன்சீட்டில குந்தியிருக்கு,
ஒரு சதம் வாடகை குடுக்காமல்."

புதுக்குடியிருப்பில், பழைய இரும்புக் கடையில்
கியர்பொக்ஸ் கிடைத்தது.
பெல்ஹவுசிங்கைக் கவிழ்க்க
ஒரு சிரங்கை கடல்மணல் கொட்டியது,
கூடவே உடைந்த சிப்பி ஒன்று.
பற்களில் கீறல் இல்லை.
எந்த வாகனத்தில் இருந்தது என்று
கடைக்காரன் சொல்லவில்லை.
அவள் மணலைக் காலால், வலது காலால்,
ஒதுக்கிவிட்டு விலை பேசினாள்.

பிறகு பதினொரு நாள்.
கன்வேட்டரை இறக்கினோம், நானும் பெடியன் சாருகனும்.
பூசணிக்காய்ப் பாரம்; உள்ளே இன்னும் எண்ணெய் குலுங்கியது.
கிராங்கின் நுனியில் நெல்லிக்காயளவு பேரிங் ஒன்று வைக்கவேணும்,
மறந்தால் எல்லாவற்றையும் திரும்ப இறக்கவேணும்
(ஒருதரம் மறந்தவன் நான்).
தரைத்தகட்டைக் கியர்த்தடிக்கு வெட்டியபோது
வண்டிக்குள் வெளிச்சம் கீழிருந்து வந்தது.
முன்தகட்டில், மிதி வரவேண்டிய இடத்தில்
தொழிற்சாலையிலேயே ஒரு வட்டம் குத்தி
வெட்டாமல் விட்டிருந்தார்கள்.

மிதியின் ஓரத்தில் சின்னதாய் ஓர் இரும்பு உதடு ஒட்டினேன்,
ரப்பர் பாதம் வழுக்காமல்.
மேலே சைக்கிள் ரயர்த் துண்டு.
அளவெடுக்கக் காலைக் கழற்றித் தந்துவிட்டு
வாங்கிலில் இருந்து பிளேன்ரீ குடித்தாள்.
அதைக் கையில் பிடித்துக்கொண்டு
மிதியில் வைத்து அமத்திப் பார்த்தேன்,
விட்டுப் பார்த்தேன், திரும்ப அமத்தினேன்.
சாருகன் சிரித்துவிட்டான். அவளும்தான்.

பன்னிரண்டாம் நாள் சாவியைத் திருப்ப
ஒரு சத்தமும் இல்லை.
பற்றரி சரி. ஸ்டாட்டர் சரி.
பின்னேரம்தான் விளங்கியது:
வண்டி இன்னும் பழைய கேள்வியையே கேட்கிறது,
நான் பார்க்கில் நிற்கிறேனா என்று.
பதில் சொல்ல அங்கே பழைய பெட்டி இல்லை.
இரண்டு வயரைச் சேர்த்து முறுக்கினேன்.
இயந்திரம் பிடித்தது.

பள்ளிக்கூட வளவில் ஏழுதரம் இழுத்து இழுத்து நின்றது.
கிளச் எங்கே கவ்வுது என்று
எங்களுக்குப் பாதம் சொல்லும்.
எட்டாம்தரம் கண்ணை மூடினாள்.
"இடுப்பில தெரியுது,
பொறுங்கோ, இல்லை, தொடை எலும்பில"
என்றபோது
கோல்போஸ்ட் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.
"கண்ணைத் திறவும் பிள்ளை!" என்றேன்.

மாங்குளம் வீதி. மூன்றாம் கியர்.
தடிக்கு இன்னும் உறை போடவில்லை,
ஓட்டைக்குள்ளால் தார் ஓடுகிறது,
சூட்டுப் புழுதி என் சாரத்துக்குள்.
ஸ்டியரிங் கழுத்தில் பழைய ஊசி மட்டும்
'பி'யிலேயே நிற்கிறது.
"கழட்டி விடவோ?"
"இருக்கட்டும் அண்ணை. பொலிஸ் மறிச்சால்
நிண்ட இடத்திலதான் நிண்டனான் எண்டு காட்டலாம்."

மிச்சக் காசு பதினெட்டாயிரம் இன்னும் வரவில்லை.
வெள்ளி தவிர்ந்த நாட்களில் பாரைமீன் வருகிறது.
விடிய நாலுமணிக்கு வளைவில் இரண்டுக்கு இறக்கும்போது
பல் ஒருக்கால் கடிபடும்.
படுக்கையில் இருந்தே தெரியும்,
முழுக்க மிதிக்கவில்லை.