மூன்று வேளை

கல்சோய் தீவுக்குப் போகும் படகில்
சீட்டுக் கிழிப்பவள் நான்.
மூடுபனி நாட்களில் ஹாரன் இருமுறை.
காற்று மிஞ்சினால் படகு இல்லை.
அன்றைக்கு ரொட்டி, தபால், மாட்டுத்தீவனம் எல்லாம்
இந்தக் கரையிலேயே கிடக்கும்,
எதிர்க்கரையில் அடுப்பு அணைந்திருக்க.

ரோக்குருக்கு இருபத்திரண்டு வயது.
காய்ச்சல். இரண்டு நாள் எதுவும் இறங்கவில்லை.
மூன்றாம் நாள் காலை
போர்வைகூடக் கசங்காமல் கிடந்தான்.
இதயம் என்றார்கள்.
வலை இழுத்துக் காய்த்த கைகள் அவனுக்கு.
எந்த இதயம் என்று கேட்டேன்.

பிறகுதான் எங்கள் எல்லோரிடமும் ரத்தம் எடுத்தார்கள்.
பள்ளிக்கூடத்தில் வரிசை,
சட்டைக்கை மடித்த மீனவர்கள்,
ஊசியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்த பாதிரியார்.

மருத்துவர் பெய்ன்டா
காகிதத்தின் பின்பக்கம் படம் போட்டார்.
கார்னிடைன்.
அமினோ அமிலத்துக்கு ஒன்றுவிட்ட உறவு,
எந்தப் புரத மாலையிலும் கோக்கப்படாத மணி.
ஆட்டிறைச்சியில் இருக்கிறது,
உடம்பும் கொஞ்சம் செய்துகொள்கிறது.
அதற்கு ஒரே வேலை என்றார்,
பிறகு யோசித்து, ஏறக்குறைய ஒரே வேலை என்று திருத்தினார்.
கொழுப்பைத் தூக்கி
உலைக்குள் இறக்கிவிட்டு
வெறுங்கையோடு திரும்புவது.

"உங்கள் அணுக்களின் வாசல் அதை உள்ளே விடுவதில்லை.
சிறுநீரகம் கடலில் கொட்டிவிடுகிறது."

நான் படத்தையே பார்த்தேன்.
கொழுப்பு ஒரு கரை. தீ ஒரு கரை.
இதை எனக்கா விளக்குகிறீர்கள்?

அவன் கொழுத்த ஆட்டுக்கறி பிரியன்.
விறகு அடுக்கிய வீட்டில்
குளிரில் போனான்.

இப்போது மூன்று வேளை மருந்து.
புளிக்கும். வயிறு உருளும்.
இன்னொன்றையும் சொன்னார், கண்ணைத் தாழ்த்தி:
வியர்வையில் மீன் நாறும்.
சிரித்துவிட்டேன்.
கிளாக்ஸ்விக் துறைமுகத்தில்
யாருக்குத் தெரியப்போகிறது?

தெரிந்தது.
சென்ற வியாழன் மேல்தளத்தில்
ஒரு வங்கிக்காரர், கோட்டு, தோல்பை,
ஒருநாளும் வலை தொடாத நகங்கள்.
சீட்டு நீட்டியபோது
கை இடுக்கிலிருந்து அந்த வாசம்.
என்னுடையதும் அவரை எட்டியிருக்க வேண்டும்.
நிமிர்ந்து பார்த்தார்.

"யாரை?" என்றேன்.
"மகளை" என்றார்.

சீட்டைக் கிழிக்க மறந்து நின்றேன்.
மணி பன்னிரண்டு.
இருவரும் பையில் கைவிட்டு
புட்டியைத் திறந்தோம்.
கீழே எஞ்சின் இருமிப் பிடித்தது.