இரண்டு மணிக்கொருமுறை

வேலந்தாவளம் சோதனைச்சாவடியில்
கோழித்தீவன லாரிகள் வரிசை கட்டினால்
மணி பதினொன்று.
பால் வண்டி போனால் நாலு.
நடுவில் எல்லாம் மயிலாத்தாளின் போன் அடிக்கும் நேரம்.

அடித்ததும் எழுந்து
அரைத் தூக்கத்தில் இடுப்புக்குக் கீழே கைகொடுத்து
என்னைப் புரட்டிப் போடுவாள்.
முதுகுக்கு ஒரு தலையணை, முட்டிகளுக்கு நடுவே ஒன்று.
புரட்டாமல் விட்டால் புண் வரும்.
ஒருமுறை வந்தது, உள்ளங்கை அகலம்.
எனக்கு வலிக்கவில்லை.
நாற்றம்தான் முதலில் சொன்னது.

பார்க்க வருகிறவர்கள் மரத்தைக் கேட்கிறார்கள்.
எந்தத் தோப்பு, எத்தனை அடி,
செவ்வாய்க்கிழமையா.
அறுத்துவிடச் சொன்னார் ஒருவர்.
மரம் என்ன செய்யும்,
மழை நின்ற மறுநாள் ஏறியவன் நான்.
பிறகு குரலைத் தணித்து, என்னிடமில்லை, அவளிடம்:
"ஒண்ணுக்கு பை வழியாத்தான் போகுதா?"
நான் சுவரைப் பார்த்துக்கொள்வேன்.
சுவரில் ஒரு பல்லி.
நான் வந்து படுத்தபோது வால் அறுந்து கிடந்தது அதற்கு.
இப்போது முழு வால்.

வியாழக்கிழமை கொழிஞ்சாம்பாறையிலிருந்து
பாலியேட்டிவ் ஜீப் வரும்.
இன்னும் நாற்பதடி தள்ளி வீடு கட்டியிருந்தால்
வந்திருக்க முடியாது என்பாள் நர்ஸ் ஷைலஜா,
அதற்கப்பால் அவள் பஞ்சாயத்து இல்லை.
அந்த வியாழன்
முதலில் ஒரு சக்கர நாற்காலி இறங்கியது,
பிறகு அதில் உட்காரவேண்டிய ஆள்.
பெனடிக்ட், எருத்தேம்பதிக்காரன்.
கிணற்றில் மோட்டார் இறக்கும்போது சங்கிலி அறுந்து
பதினாலு வருஷம் என்றான்,
கல்யாணமாகிப் பதினாலு வருஷம் என்பதுபோல.

வாசற்படி தடுத்தது.
ரெண்டு பலகை கேட்டு வாங்கி ஏறி வந்தான்.
தைரியமா இருங்க என்பான் என்று காத்திருந்தேன்.
பதிலுக்கு ஒரு கெட்டவார்த்தை தயாராக வைத்திருந்தேன்.
அவன் என் பையைப் பார்த்து
"நிறம் தெளிவா இருக்கு, தண்ணி நல்லாக் குடிக்கறீங்க" என்றான்.
ஷைலஜா கைகழுவப் போன நேரம்,
"வீட்டுக்காரம்மா பக்கத்துல படுக்கறாங்களா?"
இல்லை என்றேன்.
ஒரு சொல்தான்.
கெட்டவார்த்தை மறந்துபோயிற்று.

டீ கொண்டுவந்தவளை நிறுத்தினான்.
"அக்கா, ராத்திரி முழுக்கத் தூங்கிக் கடைசியா எப்ப?"
சிரிக்கப் பார்த்தாள்.
விரல் மடக்கினாள், ஐப்பசி, கார்த்திகை,
பாதியில் விட்டுவிட்டு
அடுப்பைப் பார்க்கவேண்டும் என்று உள்ளே போனாள்.
அடுப்பில் ஒன்றுமில்லை.
எட்டு மாதமாக என் ராத்திரிகளை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தவன்
அந்த டீயை ஆறவிட்டேன்.

ஜன்னல் கம்பியில் கயிறு கட்டச் சொன்னான் பெனடிக்ட்.
"மரம் ஏறின கை. சும்மாதானே கெடக்குது."

ஞாயிறு இரவு அவள் போனை எடுத்து
என் கன்னத்தடியில் வைத்துக்கொண்டேன்.
அவள் கீழே பாய் விரிக்கவில்லை,
காற்றுமெத்தையில் மீதமிருந்த ஒரு முழத்தில்
ஒருக்களித்துப் படுத்தாள்.
நான் ஏன் என்று கேட்கவில்லை.
ஷைலஜா ஏதாவது சொல்லியிருக்கலாம்.

ஒரு மணிக்குப் போன் நடுங்கியது.
கயிற்றைப் பிடித்து இழுத்தேன்.
தோள் வந்தது, மார்பு வந்தது, இடுப்பு வரவில்லை.
பர்மிட் இல்லாத லாரி மாதிரி
பாதி அந்தப் பக்கம் பாதி இந்தப் பக்கம்
நின்றுவிட்டேன்.
சிரிப்பு வந்துவிட்டது.
அவள் விழித்து, இருட்டில் கொஞ்சம் பார்த்து,
"என்னத்தப் பண்றீங்க" என்றாள்.
எழவில்லை.
படுத்தபடியே காலால் இடுப்பில் ஒரு தள்ளு.
போய்ச் சேர்ந்தேன்.

மூன்று மணிக்கு மறுபடி நடுங்கியது.
போன் வெளிச்சத்தில்தான் பார்த்தேன்,
அவள் கால் இன்னும் என் தொடைமேல் கிடந்தது.
எப்போதிலிருந்து என்று தெரியவில்லை.
அதை எழுப்பாமல் எப்படித் திரும்புவது என்று
யோசித்துக்கொண்டிருக்கையில்
சாவடியில் எவனோ ஹாரன் அடித்தான்.